ஞாயிறு வரை நகம்

ஒரு பிங்பாங் பந்து ஆறு வாரம் தாங்கும்.
இரு பாதிகளும் ஒட்டிய வளையத்தை ஒதுக்கி வெட்ட வேண்டும்.
ஒருமுறை சோம்பலில் அதையும் சேர்த்து வெட்டிவிட்டேன்;
மோதிர விரல் இரவு முழுக்கச்
சளி பிடித்ததுபோல் பேசியது.

வெள்ளிக்கிழமை பணி முடிந்ததும்
அடுப்படி விளக்கின் கீழ் கடை விரிப்பேன்:
கத்தரி, அரம், சூப்பர் குளூ.
கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம்.
சுண்டுவிரலுக்கு இந்த வீட்டில் வேலை கிடையாது.
ஒட்டி, பத்து எண்ணி, ஓரம் இழைத்து
மேலுதட்டில் தேய்த்துப் பார்ப்பேன்.
உதட்டை உறுத்துவது தந்தியையும் உறுத்தும்.

நகமும் சதையும்போல என்று
யாரோ வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டுப் போனார்கள்.
என் நகமும் சதையும்
வார இறுதியில் மட்டும் பேசிக்கொள்ளும் உறவு.

வெறும் சதையால் மீட்டினால்
நனைந்த துணிமேல் கரண்டி விழுந்த ஓசை.
நகம் வந்ததும் அதே தந்திக்குப்
பல் முளைக்கிறது.

ஞாயிறு இரவு, காப்பித் தட்டில் அசிட்டோன்.
நான்கு விரலும் குளிர்ந்து குளிர்ந்து
வெள்ளைக் கூழாய்க் கழல்கிறது சனிக்கிழமை.
ஏனென்றால் திங்கள் காலை
கண்ணாடிக் கதவருகே நிற்பார் ஒஃபேலியா பெந்தான்கூர்,
குறைமாதக் குழந்தைகள் பிரிவின் தலைமைச் செவிலி.
"கை."
நீட்டுவோம்.
நகம் விரல்நுனியைத் தாண்டக் கூடாது.
பூச்சு கூடாது. ஒட்டு கூடாது.
அவர் சொல்வது சரி என்பதுதான் எரிச்சல்.
உள்ளே தொள்ளாயிரம் கிராமில் ஒருவன்
மூச்சு விடப் பழகுகிறான்;
என் பசைக்கும் தோலுக்கும் நடுவே குடியிருப்பது எதுவோ
அவனுக்கு அது ஒரு படை.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. ஆறு ஏறியிருந்தது.
படகோட்டிகள் சங்கத்தில் முப்பது நாற்காலி, பதினேழு பேர்.
மிலோங்காவின் நடுவே
கனத்த தந்தி தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கையில்
சட்டைப்பையில் போன் துடித்தது.
இரட்டைக் குழந்தைகள். இருபத்தெட்டு வாரம்.
இரவுப் பணிக்காரி வெள்ளத்துக்கு அந்தப் பக்கம்.

வாஷிங்டன் வண்டியை எடுத்தான்.
எங்கள் பைசாண்டுவில் தெருவுக்கொரு வாஷிங்டன் உண்டு,
இவன் பேக்கரிக்காரன்.
மாவு மணக்கும் இருக்கையில் பல்லால் கடித்து இழுத்தேன்.
மோதிர விரல் வந்தது,
கூடவே என் சொந்த நகத்தில் ஓர் ஏடு.
நடுவிரல் வந்தது. ஆள்காட்டி, ரத்தத்தோடு.
கட்டைவிரல் மட்டும் மாட்டேன் என்றது.

கை கழுவும் தொட்டியில் தண்ணீர் ஓட
நின்றுகொண்டிருந்தேன்.
பெந்தான்கூர் பார்த்தார். திட்டவில்லை.
தன் கைப்பையைத் திறந்து
நகப்பூச்சு கழுவும் பாட்டிலை எடுத்து வைத்தார்.
பாதி காலி.
நான் பாட்டிலைப் பார்த்தேன். கேட்கவில்லை.
"ரத்தம் வரும் கைக்கு இரட்டைக் கையுறை" என்றார்,
"சீக்கிரம், சுல்மா."

பையனைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

பெண்ணுக்கு நகம் இருந்தது,
மீன்குஞ்சின் செதிள் அளவில்.
விரல்நுனிக்கு இன்னும் வந்து சேரவில்லை.
முப்பத்திரண்டாம் வாரம் வாக்கில்தான் எட்டும்,
வெளியே பிறந்தாலும் அதற்கு அதே கணக்கு.
கூண்டின் துளை வழியே நுழைத்த என் விரலில்
அந்தக் கை ஒட்டிக்கொண்டது, பசை இல்லாமல்.
என் நகம் வெங்காயத் தோலாய்க் கிடந்தது.
இருவரும் ஒரே வாரத்தில் வளர்க்கத் தொடங்கினோம்.

மூன்று சனிக்கிழமை கிதார் உறைக்குள்ளேயே.
நான்காவதில் சதையால் வாசித்தேன்;
பின்வரிசைக்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
முன்னால் வந்து உட்கார்ந்தார்.

ஐந்தாம் வாரம், விடிகாலை.
பெண்ணின் கன்னத்தில் ஒரு சிவப்புக் கோடு.
தன்னைத் தானே கீறிக்கொண்டிருக்கிறாள்.
குறிப்பேட்டில் எழுதினேன்: நகம் வந்துவிட்டது.
பெந்தான்கூர் எட்டிப் படித்துவிட்டு
இந்த முறை தன் கையை நீட்டினார்:
"அரம். பிரிக்காத உறை உன்னிடம் இருக்குமே.
கரடு வேண்டாம்.
கடைசியில் மெருகேற்றப் போடுவாயே, அது."